சங்கிலிக் குகை தின்ற எழுத்து

கல்யாணப் பெண்ணா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும் அக்கா. இந்த முகப்பூச்சைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். வழக்கமாக நான் இப்படிப் பூசிக்கொள்கிற ஆள் இல்லை. இன்று காலை கடற்கரையில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஆவணியில் கல்யாணம்.

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு இந்த ஓரம்தான் வேண்டும். இங்கிருந்தால் முன்பக்கம் தெரியும். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டிருக்கிறார் பாருங்கள், அவர்தான் மாப்பிள்ளை. பெயர் தளவாய். பக்கத்தில் கொண்டை நிறையப் பிச்சிப்பூ வைத்திருப்பது அவருடைய அம்மா, உலகம்மாள் அத்தை. நடுவில் கம்பியில் சாய்ந்து நிற்கிற வெள்ளை வேட்டி என் அப்பா. இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். சங்கரன்கோவில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்பார்.

மாப்பிள்ளை திரும்பினால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. அவருக்குப் பயந்து அல்ல. அவர் தன் அம்மாவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. வள்ளியூர் வருவதற்குள் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்டு, அத்தை சரி என்று சொல்லிவிட்டால், திரும்பி எனக்குத் தலையாட்டுவார். நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து இரண்டு தடவை திரும்பினார். இரண்டு தடவையும் தலையாட்டவில்லை. கடலை வேண்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கெட்டவர் என்று யாருமே இல்லை. அதனால்தான் எங்கே போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்வதுகூட, நீங்கள் திருநெல்வேலி போகிறீர்கள், நாங்கள் வள்ளியூரில் இறங்குகிறோம், இனிமேல் பார்க்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான்.

சங்கிலிக் குகை பார்த்திருக்கிறீர்களா? கடலுக்குள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். பெரிய குகை ஒன்றும் இல்லை. உள்ளே போனால் வலது பக்கப் பாறையில் ஆள் கை தடிமனுக்கு ஒரு பழைய சங்கிலி அடித்திருக்கிறது. மிளகு கடத்தினவர்கள் படகைக் கட்டுவதற்காக அடித்தது என்று வாசலில் போர்டு இருக்கிறது. எங்கள் வீட்டில் போர்டு படிக்கிற ஆள் நான்தான். அப்பா எழுத்துக் கூட்டுவார், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அதனால் எங்கே போனாலும் போர்டு முழுவதையும் சத்தமாகப் படித்துக்காட்டுவது என் வழக்கம். என்னைப் பெண் பார்த்த அன்றைக்கும் படித்தேன். அத்தை கேட்டுவிட்டு, பிள்ளை நல்லாப் படிக்கு என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

அங்கே வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். தரகர் கோமதிநாயகம் அண்ணாச்சியின் யோசனை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. கோவிலில் வைத்துப் பார்த்தால் அங்கேயும் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுகிறார்கள். என்னை அதற்கு முன்பு இரண்டு இடத்துக்காரர்கள் கோவிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு என் நிறம் சரியில்லை. இன்னொரு வீட்டுக்கு என் பெயர். முப்புடாதி. எங்கள் குலசாமி பெயர். அதனால் அண்ணாச்சி, இந்தத் தடவை சுற்றுலா மாதிரிப் போவோம் என்றார். அவர்களும் குகை பார்க்க வருவார்கள், நாமும் குகை பார்க்கப் போவோம். பிடித்தால் பேசுவோம், பிடிக்காவிட்டால் குகையைப் பார்த்த கணக்கு. யாருக்கும் அவமானம் இல்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. அப்பாவும் நானும் அண்ணாச்சியும் போனோம். அவர்கள் பக்கம் இவரும் அத்தையும்.

குகைக்கு முன்னால் கம்பிவேலி போட்டு, கேட் வைத்து, டிக்கெட் கொடுக்கிறார்கள். டிக்கெட் கொடுத்தவர் எங்களுக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சங்கு, சோழியெல்லாம் பரப்பி வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போகப் பார்த்ததும், "வேலி ஏறுது. இப்பம் உள்ள போவாண்டாம்" என்றார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தம் பேச வந்த இடத்தில், டிக்கெட் இல்லாமல் வேலி ஏறிக் குதிக்கிறவர் என்று நினைத்துவிட்டார்களே என்று. டிக்கெட்டை எடுத்துக் காட்டி, "நாங்க ஏன் தாயி வேலி ஏறப்போறோம்? சீட்டு எடுத்திருக்குல்லா?" என்றார்.

"சீட்டு இருந்தா வேலி ஏறாதா?" என்றார் அந்த அம்மா.

"ஏற மாட்டோம்னு சொல்லுதேன்."

"நீங்க ஏறாண்டாம். அது ஏறும்."

அது என்றால் எது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அண்ணாச்சிதான் விளக்கினார். இங்கே ஆடு வேலி ஏறி உள்ளே போய் அசிங்கம் பண்ணிவிடுமாம், பார்த்துக் கால் வைக்கச் சொல்கிறார்களாம். நாங்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனோம். ஆட்டுப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அப்பா பாராட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கரையில் கடல் ஏறுவதைத்தான் வேலி ஏறுவது என்கிறார்கள். எனக்குத் தெரியாது அக்கா. நான் பிசிக்ஸ் படித்தவள். நிலாவின் ஈர்ப்பு, சூரியனின் ஈர்ப்பு, உயர் ஓதம், தாழ் ஓதம் எல்லாம் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஓதம் வருகிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன். அவர் அப்படி எதற்குச் சொல்லப்போகிறார்? இது யார் தப்பு என்று நிறைய யோசித்துவிட்டேன். யார் தப்பும் இல்லை.

ஆரல்வாய்மொழி வந்துவிட்டது போல. காற்று எப்படி அடிக்கிறது பாருங்கள். அவர் திரும்புகிறார். ஒரு நிமிஷம்.

இல்லை. ஜன்னலைச் சாத்துகிறார். அத்தைக்குக் காற்று ஆகாது.

குகைக்குள்ளே எதிரொலி கேட்கும். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று பெயரைச் சொல்லிக் கத்திப் பார்ப்பார்கள். இந்தக் குகை கடைசி எழுத்தை முழுங்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கும் என்று டிக்கெட் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி முதல் ஆளாகத் தன் பெயரைக் கத்தினார். சரியாக ஒரு அலை வந்து மோதியது. ஒன்றுக்கு இரண்டு எழுத்தாக முழுங்கிவிட்டு, கோமதிநாய என்று திரும்பி வந்தது. அண்ணாச்சி சிரித்தார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. இவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கக் கூடாது, சொல்லிவிடுகிறேன்.

அடுத்து என்னைக் கத்தச் சொன்னார்கள். கத்தினேன். முப்புடா என்று வந்தது. அத்தை, குகைக்கே இந்தப் பேரு வாயில நுழையல பாத்தியளா, மாத்திக்கிடலாம் என்றார். அப்பா சரி என்றார். நானோ பெயரைப் பற்றி இல்லை, எதிரொலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரொலியில் முதல் எழுத்துதான் நம் குரலோடு கலந்து போகும், கடைசி எழுத்து தெளிவாகக் கேட்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறதே, அலைச் சத்தத்தினாலா என்று. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியது அதுவா என்று நீங்கள் நினைக்கலாம்.

பிறகு, ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வாங்க என்று எங்களை அனுப்பினார்கள். அதுவும் வழக்கம்தானே. அவர்கள் மூன்று பேரும் உள்ளே, மேடான ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் சங்கிலிப் பக்கம் போனோம். என்ன படித்தீர்கள் என்று கேட்டார். பிசிக்ஸ் என்றேன். அவருக்கு வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. அப்ப காயில் கட்டத் தெரியுமா என்று கேட்டார். அதில் கரண்ட் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரியும், கட்டத் தெரியாது என்றேன். எனக்குக் கட்டத் தெரியும், அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்ததில்ல என்றார். அவ்வளவுதான் பேசினோம். அதற்குள் கால் நனைந்துவிட்டது.

கால் நனைந்தது என்றால் முதலில் பாதம். அலை வந்துவிட்டுப் போகிறது என்று நினைத்தோம். போகவில்லை. அடுத்தது முழங்கால். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வழி இல்லை. எங்களுக்கும் பெரியவர்கள் இருந்த பாறைக்கும் நடுவில் தண்ணீர் சுழல்கிறது. இவர் வழி இருக்கிறதா என்று பார்க்க வாய்ப்பக்கம் போனவர், அங்கே ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அப்பா இப்போது கழுத்து வரை என்று சொல்வார். நிச்சயதார்த்தத்தில் அண்ணாச்சி மைக்கில் மூக்கு வரை என்றார். இடுப்புத்தான் அக்கா. எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் இடுப்பே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு அலை வரும்போதும் குகை வாய் அடைபட்டு இருட்டிவிடும். காது விண்ணென்று அடைக்கும். அலை போனதும் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். அப்பா பாறையில் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். எட்டாது என்று அவருக்கும் தெரியும். எத்தனை மூட்டை தூக்கின கை. மறுபடி இருட்டிவிடும்.

அப்போதுதான் இவர் அங்கிருந்து கத்தினார். "பிடிச்சிருக்கியளா?"

நான் கத்தினேன். "பிடிச்சிருக்கேன்."

சங்கிலியை அக்கா. சங்கிலியைப் பிடித்திருக்கிறேன் என்றேன். வேறு எதைச் சொல்வேன் அந்தத் தண்ணீரில்? அந்த நேரம் பார்த்து ஒரு அலை அடித்தது. பாறையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது என்ன தெரியுமா? இவர் பிடிச்சிருக்கா என்று கேட்டாராம். நான் பிடிச்சிருக்கு என்று சொன்னேனாம்.

ஒரு எழுத்துதான் வித்தியாசம். பிடிச்சிருக்கேன் என்றால் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடிச்சிருக்கு என்றால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. என்னுடைய 'ஏன்' அந்தத் தண்ணீரில் விழுந்துவிட்டது. ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், குகை தின்றுவிட்டது என்று.

தண்ணீர் தானாகவே இறங்கியது. ஆள் யாரும் வரவில்லை. நடுங்கிக்கொண்டு பாறைக்குப் போனேன். அப்பா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுதார். பயந்துதான் அழுகிறார் என்று நினைத்தேன். அத்தை தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்து என் தலையில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூ வைத்தால் உறுதி செய்த மாதிரி என்று தெரியும், ஆனால் உயிர் பிழைத்ததற்கு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பூவெல்லாம் உப்புத் தண்ணீர். கேட் பக்கம் வந்தபோது அண்ணாச்சி சங்கு விற்கிற அம்மாவிடம் ஒரு சங்கு வாங்கி, நிச்சயம் ஆகிவிட்டது என்று ஊதச் சொன்னார். அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பது சரிதான். நான் வாயைத் திறக்கிற நேரம் அப்பா அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க தெருவுல எந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டுக் கல்யாணம் பண்ணதில்ல தாயி. என் பிள்ளகிட்ட கேட்டாச்சு. அவ வாயாலயே சொல்லிட்டா."

அதற்குமேல் என்ன சொல்வது? அன்றிலிருந்து மார்க்கெட்டில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறார். மற்ற மூட்டை தூக்குகிற மாமாக்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோதும் மனதில் இருப்பதைச் சொன்ன பெண் என்று. படிக்க வைத்ததன் பலன் என்று அப்பா சொல்கிறார். அவருடைய பெருமையே என்னிடம் கேட்டதில்தான் இருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று நான் எப்படிச் சொல்ல?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "பிடிச்சிருக்கேன்னா என்ன, பிடிச்சிருக்குன்னா என்ன? விட்டுறலல்லா?" என்றாள்.

காவல்கிணறு தாண்டிவிட்டோம் இல்லையா? அவர் பேசுகிறாரா பாருங்கள். எனக்குப் பின்னந்தலைதான் தெரிகிறது. கை அசைகிறது. கடலை உரிக்கிறார். உரித்து அத்தைக்குக் கொடுக்கிறார். பேசிக்கொண்டேகூட உரிக்கலாம்.

என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவில்லையே. எனக்குப் பாளையங்கோட்டையில் பி.எட். சீட்டு கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் போனது. டீச்சராகிவிட்டால் அப்பாவை மூட்டை தூக்க விடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். சேர வேண்டியதும் ஆவணியில்தான். முகூர்த்தமும் ஆவணியில்தான். அத்தையிடம் அப்பா ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். அதுக்கென்ன, கல்யாணம் முடியட்டும் பாப்போம் என்றார் அத்தை. அப்பா வீட்டுக்கு வந்து, சம்மதிச்சுட்டாவ என்றார். எனக்கு அது சம்மதம் மாதிரிக் கேட்கவில்லை. யாருக்கு என்ன கேட்கிறது என்பதே எனக்கு இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது.

இன்றைக்குப் போட்டோ எடுக்க அதே குகைக்கே போகலாம் என்றது அவருடைய சிநேகிதர், ஸ்டுடியோ வைத்திருப்பவர். அதே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். நான் உடனே சரி என்றேன். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நான் சரி என்றது வேறு காரணத்துக்கு. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. குகை உண்மையிலேயே கடைசி எழுத்தைத் தின்கிறதா என்று. தின்கிறது என்று நிரூபித்துவிட்டால், யாரையும் குறை சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிடலாம். குகைமேல் போட்டுவிடலாம்.

கேட் பக்கம் அந்த அம்மா இருந்தார். இந்தத் தடவை நானே கேட்டேன், வேலி இறங்கிட்டுதா என்று. இறங்கிட்டு மக்ளே, போலாம் என்றார்.

ஸ்டுடியோக்காரர் எதையோ வண்டியில் விட்டுவிட்டு எடுக்கப் போனார். அத்தைக்கும் அப்பாவுக்கும் உள்ளே வரப் பயம், கேட்டிலேயே நின்றுகொண்டார்கள். நானும் அவரும் மட்டும். நான் சொன்னேன், அன்னைக்கு நின்ன இடத்துல போய் நில்லுங்க, அலை மோதும்போது நான் இரண்டு வார்த்தை சொல்வேன், கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்க என்று. எதற்கு என்று கேட்கவில்லை. போய் நின்றார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். அலை வரும் வரை காத்திருந்து ஒன்று கத்தினேன். அடுத்த அலைக்கு இன்னொன்று. எதை முதலில் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சோதனை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

"மொதல்ல பிடிச்சிருக்கு. ரெண்டாவது பிடிச்சிருக்கேன்" என்றார். இரண்டும் சரி.

குகை எதையும் தின்னவில்லை அக்கா.

அவர் சங்கிலிப் பக்கம் திரும்பி வந்தார். "அன்னைக்கு உங்களுக்கு என்ன கேட்டது?" என்றேன்.

சங்கிலியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார். பிறகு, "ரெண்டாவதுதான்" என்றார்.

"நீங்க என்ன கேட்டீங்க?"

"சங்கிலியத்தான் கேட்டேன். தண்ணி அப்படி வருது, வேற என்னத்தக் கேக்க?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அம்மா பூவ எடுத்து வச்சிட்டா. ஒங்க அப்பா அழுதாவ. இதுக்கு நடுவுல நான் போயி, சங்கிலியத்தான் சொன்னாவன்னு எப்படிச் சொல்ல?" என்றார். விரலில் ஒட்டின துருவைத் தட்டிவிட்டு, "நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்" என்றார்.

எத்தனை மாதம் அக்கா. இங்கே நான் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அங்கே அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காயில் கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்ததா என்றால், வரவில்லை. பாவமாக இருந்தது. அவரும் அன்றைக்கு ஏறின தண்ணீரில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

அப்புறம் அவர், "சரி, இப்பம் கேக்கேன். பிடிச்சிருக்கா?" என்றார்.

அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பி.எட். பற்றிச் சொன்னேன். ஒரு வருஷம் கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். உங்களுக்குச் சம்மதமா என்றும் கேட்டேன். "எனக்கென்ன, அம்மாட்டக் கேக்கணும்லா. பஸ்ல போகையில கேக்கேன்" என்றார். அதற்குள் ஸ்டுடியோக்காரர் வந்துவிட்டார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாக வந்திருக்கிறது என்று காட்டினார். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இதுதான் விஷயம். அத்தை சரி என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, சரி என்று சொன்னால் படிப்பேன். படித்துவிட்டு அடுத்த ஆவணியில்.

அதில்லை என்கிறீர்கள். அவர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்கிறீர்கள். அதைத்தான் அக்கா சொன்னேன், பி.எட். பற்றி.

ஆமாம். அது பதில் இல்லை.

சொல்லவில்லை. நான் அவருக்குப் பதில் சொல்லவேயில்லை. நீங்கள் கேட்கிற வரைக்கும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அண்ணாச்சி பெயருக்கு வாயைப் பொத்திச் சிரித்தார், கடலை உரித்துக் கொடுக்கிறார். இதையெல்லாம் கூட்டிக்கொண்டே இருக்கிறேன். கூட்டினால் ஏதாவது வரும் என்று பார்க்கிறேன். வரவில்லை. அத்தை சரி என்று தலையாட்டினாலும் வராதோ என்று இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை அக்கா, பயப்படாதீர்கள். அப்பா நிற்கிறார் பாருங்கள். எப்படி நிம்மதியாக நிற்கிறார்.

பணகுடியா இது? அப்படியானால் அடுத்தது வள்ளியூர்தான். எங்களையும் அங்கேயே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். தாலி செய்ய ஆசாரியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாராம்.

அவர் திரும்புகிறார்.

என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து பையை எடுக்கிறார். கேட்கவில்லை அக்கா. கேட்கவில்லை. கடலைத் தோலைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். பஸ்ஸுக்குள் போடக் கூடாது என்று. அவ்வளவு நல்ல மனிதர்.

எழுந்திருக்க வேண்டும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். போட்டோவுக்கு உடுத்தின பட்டுப்புடவை. கசங்கக் கூடாது, இரண்டு கையாலும் தூக்கிக்கொள்கிறேன். டிரைவர் வண்டியை எப்படித் திருப்புகிறார் பாருங்கள். இல்லை, நிற்பேன், விழ மாட்டேன்.

அத்தை கூப்பிடுகிறார். உங்களுக்கும் கேட்கிறதா?

"ஏ பிள்ள, வண்டி திரும்புது. கம்பியப் பிடிச்சிருக்கியா?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அப்பாவும்.

"பிடிக்கல அத்தை."

உண்மைதான் அக்கா. கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் பை இருக்கிறது. இந்த வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கிறது. கடைசியில் தின்ன எதுவும் இல்லை. கம்பிக்கும் இதுதான், மனுஷனுக்கும் இதுதான். அத்தை சிரிக்கிறார், பிடிச்சுக்க பிள்ள என்கிறார். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு முழுதாகக் கேட்டிருக்கிறது. அவருக்கு எப்போதுமே கேட்கிறது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையை நீட்டுகிறார், பிடித்துக்கொள் என்று. இன்றைக்கு எட்டும் அக்கா. இந்தப் பையை ஒரு நிமிஷம் உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா. எனக்குப் பிடிக்கல."

விசில் அடிப்பதற்கு முன்னால்தான் சொன்னேன், இல்லையா? அலை எதுவும் இல்லை. உங்களுக்கு என்ன கேட்டது? சொல்லுங்கள் அக்கா, அப்பா கேட்கிறார். கேட்டதைக் கேட்டபடி அவரிடம் சொல்லுங்கள்.